உணவு குறைந்தால் ஈஸ்ட் எங்கே காத்திருக்கும்?

படிவம் 4 உயிரியல் பாடநூலில் 6-ஆவது இயல் உயிரணுப் பிரிதலைப் பற்றியது. அதில் உயிரணுச் சுழற்சியை ஒரு வட்டமாக வரைந்து, ஜி1, எஸ், ஜி2, எம் என்று நான்கு துண்டுகளாகப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். ஜி1-இல் உயிரணு வளர்கிறது. எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது, ஜி2-இல் பிரிவதற்கான ஏற்பாடுகள் நடக்கின்றன, எம் கட்டத்தில் உயிரணு இரண்டாகப் பிரிகிறது. மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வட்டத்தை மனனம் செய்து, எஸ்.பி.எம். தேர்வில் வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த வட்டம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஓர் உயிரணு வேகமாக வளரும்போதும் மெதுவாக வளரும்போதும் அந்த நான்கு துண்டுகளும் ஒரே அளவில்தான் இருக்குமா?

சிம்பாங் பூலாயில் சனிக்கிழமைகளில் நான் மாணவர்கள் சிலருக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டபோது ஒரு மாணவி தயங்காமல், "மெதுவா வளர்ந்தா எல்லாமே மெதுவாத்தான் சார் நடக்கும்" என்றார். சினிமாவை மெதுவாக ஓட்டினால் நடை, பேச்சு, சண்டை எல்லாமே ஒரே அளவுக்கு மெதுவாவது போல என்று விளக்கமும் கொடுத்தார். கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. உயிரணுவில் நடப்பது வேறு. அதை முதலில் தெளிவாகக் காட்டியவற்றில் ஒன்று, ரொட்டி மாவிலும் கள்ளிலும் இருக்கும் சாதாரண ஈஸ்ட்.

கள்ளுப் பானையும் சுண்ணாம்பும்

ஈஸ்ட் நமக்குப் புதிய உறவு இல்லை. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோர் அதன் பெயரை அறியாமலேயே அதை நன்றாக அறிந்திருந்தார்கள். தென்னம்பாளையைச் சீவி வடியும் சாற்றைப் பானையில் பிடித்தால், சில மணி நேரத்திலேயே அது நுரைத்துக் கள்ளாகிவிடும். காற்றிலிருந்தும் பூச்சிகளிடமிருந்தும் பழைய பானையின் ஓரத்திலிருந்தும் வந்து சேர்ந்த நுண்ணுயிர்கள்தாம் காரணம். அவற்றுள் முதன்மையானது சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட். ரொட்டிக் கடைக்காரர் பயன்படுத்துவதும் இதே இனத்தைத்தான்.

பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பதநீராக இனிப்போடு நிற்கும். சுண்ணாம்பு சாற்றின் காரத்தன்மையை உயர்த்துவதால் நுண்ணுயிர்கள் வளர முடிவதில்லை. நம் ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நிற்கும் குன்றுகள் சுண்ணாம்புக் கல்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் வெளிவிடும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தும்போது அது பால்போல் கலங்குகிறதே, அந்தக் கலங்கலும் இந்தக் குன்றுகளில் உள்ள கால்சியம் கார்பனேட்தான்.

கள்ளில் சர்க்கரை தீர்ந்த பிறகு ஈஸ்ட் உடனே செத்துப்போவதில்லை. பெருகுவதை நிறுத்திக்கொண்டு அடியில் படிந்து கிடக்கும். அப்படி நிற்கும் உயிரணுக்கள் சுழற்சியின் எந்த இடத்தில் நிற்கின்றன? ஓடும் பேருந்துகள் திடீரென்று எண்ணெய் தீர்ந்து கண்ட இடத்தில் நிற்பது போலவா? அல்லது எல்லாம் ஒரே நிலையத்திலா? இதற்கு விடை தேட, ஓர் உயிரணு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி வேண்டும்.

மொட்டுதான் கடிகாரம்

ஈஸ்ட் நம் தோல் உயிரணுவைப் போல நடுவில் பிளந்து பிரிவதில்லை. தாய் உயிரணுவின் ஓரத்தில் ஒரு சிறு மொட்டு அரும்பும். அது பெரிதாகிக்கொண்டே போகும். டி.என்.ஏ.வின் ஒரு படி அதற்குள் சென்றதும், மொட்டு பிரிந்து சேய் உயிரணு ஆகிவிடும். ஆகவே மொட்டு இல்லாத உயிரணு பெரும்பாலும் ஜி1-இல் இருக்கிறது. சிறு மொட்டு என்றால் எஸ் கட்டம். பெரிய மொட்டு என்றால் பிரியும் நேரம் நெருங்கிவிட்டது. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்.

இந்த எளிய வசதியைப் பெரிய ஆய்வுக் கருவியாக மாற்றியவர் அமெரிக்காவின் சியாட்டல் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லீலண்ட் ஹார்ட்வெல். 1970-இல் அவருடைய குழு, 23 பாகை செல்சியசில் நன்றாகப் பெருகி, 36 பாகையில் மட்டும் சுழற்சியின் நடுவே நின்றுவிடும் ஈஸ்ட் திரிபுகளைப் பற்றி முதல் கட்டுரையை வெளியிட்டது. ஒரு திரிபின் உயிரணுக்கள் எல்லாம் ஒரே அளவு மொட்டுடன் நின்றால், அதில் பழுதான மரபணு சுழற்சியின் அந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது என்று பொருள். அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான பிரயன் ரீட் அப்போது இளங்கலை மாணவர். உங்களில் பலர் இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் எட்டப்போகும் நிலை அது.

அந்தத் திரிபுகளுள் ஒன்றுக்கு சி.டி.சி.28 என்று பெயர். 36 பாகையில் அதன் உயிரணுக்கள் மொட்டே விடாமல் நின்றன, டி.என்.ஏ.வையும் இரட்டிப்பாக்கவில்லை. சுழற்சியின் முதல் வாசலையே அவற்றால் கடக்க முடியவில்லை. ஜி1-இன் பின்பகுதியில் இருக்கும் அந்த வாசலுக்கு ஹார்ட்வெல் குழுவினர் 'ஸ்டார்ட்' என்று பெயரிட்டார்கள். தமிழில் தொடக்கப்புள்ளி எனலாம். மனித உயிரணுவிலும் இதே போன்ற மரபணு இருப்பதை 1987-இல் பிரிட்டனில் மெலனி லீயும் பால் நர்ஸும் காட்டினார்கள். உயிரணுச் சுழற்சி ஆய்வுக்காக ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹண்ட் ஆகிய மூவருக்கும் 2001-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வேகத்தைக் கையில் பிடிக்கும் தொட்டி

வளர்ச்சி வேகத்தின் விளைவை ஆராய வேண்டுமானால், அந்த வேகத்தை நாம் விரும்பியபடி மாற்றத் தெரிய வேண்டும். அதற்கான கருவி கெமோஸ்டாட். 1950-இல் பிரான்சில் ஜாக் மோனோவும், அமெரிக்காவில் நோவிக், சிலார்ட் இருவரும் தனித்தனியே இந்த முறையை விளக்கினார்கள்.

அமைப்பு எளியது. ஒரு தொட்டியில் ஈஸ்ட் வளர்கிறது. மேலிருந்து புதிய உணவுநீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதே அளவு நீர் ஈஸ்டோடு சேர்ந்து வெளியேறுகிறது. உணவில் ஒரு சத்தை மட்டும் குறைவாக வைப்பார்கள். சொட்டும் வேகம் கூடினால் ஈஸ்டுக்கு அந்தச் சத்து அதிகம் கிடைக்கும். அது வேகமாக வளரும். சொட்டு குறைந்தால் வளர்ச்சியும் குறையும். சில நாளில் தொட்டி நிலைப்பட்டு, ஈஸ்ட் பெருகும் வேகமும் அது வெளியேறும் வேகமும் சமமாகிவிடும். மணிக்குத் தொட்டியின் 10 விழுக்காடு நீர் மாறினால், ஈஸ்ட் இரட்டிப்பாக ஏறத்தாழ 7 மணி நேரம் எடுக்கும். 30 விழுக்காடு மாறினால் 2 மணி 20 நிமிடம் போதும். எஸ்.டி.பி.எம். கணிதம் படிப்போர் 0.693-ஐ 0.1-ஆலும் 0.3-ஆலும் வகுத்து இதைச் சரிபார்க்கலாம்.

1977-இல் ஜெகதீஷ், கார்ட்டர் என்ற இருவர் வெவ்வேறு வேகத்தில் வளர்த்த ஈஸ்டில் உயிரணுப் பிரிதல் எப்படிக் கட்டுப்படுகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டில் ஜான்ஸ்டன், பிரிங்கிள், ஹார்ட்வெல் மூவரும் வளர்ச்சியும் பிரிதலும் எவ்வாறு ஒத்துப்போகின்றன என்று இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். இவ்வாய்வுகள் காட்டியது இதுதான்: உணவு குறைந்து வளர்ச்சி மெதுவாகும்போது சுழற்சியின் எல்லாப் பகுதிகளும் சம அளவில் நீள்வதில்லை. பெரும்பாலும் நீள்வது ஜி1. அதிலும் தொடக்கப்புள்ளிக்கு முந்திய பகுதி. அந்தப் புள்ளியைத் தாண்டிய உயிரணு, மொட்டுவிட்டு, டி.என்.ஏ.வை இரட்டித்து, பிரிந்து முடிக்கும் நேரம் அவ்வளவாக மாறுவதில்லை. மிக மெதுவாக வளரும்போது அதுவும் ஓரளவு நீளும். ஆனால் ஜி1 நீள்வதோடு ஒப்பிட்டால் அது சிறிதுதான்.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 'சிம்பாங்' என்றாலே சந்திப்பு. இங்கிருந்துதான் கம்போங் ராஜா வழியாகக் கேமரன் மலைக்குச் சாலை பிரிகிறது. மலையேறப் போகிறவர்கள் இந்தச் சந்திப்பிலேயே பெட்ரோல் அளவைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், போதவில்லை என்றால் இங்கேயே நின்றுவிடுவார்கள். வளைவில் ஏறிய பிறகு நடுவில் நிற்பது ஆபத்து. ஈஸ்டும் அப்படித்தான். டி.என்.ஏ.வைப் பாதி இரட்டித்த நிலையில் உணவு தீர்ந்துபோனால் அதன் கதி மோசம். ஆகவே சந்திப்பிலேயே கணக்குப் பார்க்கிறது. கையிருப்பு போதாது என்றால் அங்கேயே காத்திருக்கிறது. புறப்பட்டுவிட்டால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கள்ளுப் பானைக் கேள்விக்கும் இதுவே விடை. சர்க்கரை குறையக் குறைய, வழியில் இருந்த உயிரணுக்கள் பயணத்தை முடித்துக்கொண்டன. பிறகு பெரும்பாலானவை மொட்டில்லாமல் சந்திப்பில் நின்றுவிட்டன.

எவ்வளவு பெரிதானால் போதும்?

புறப்படலாமா வேண்டாமா என்று மூளையே இல்லாத ஈஸ்ட் எப்படி முடிவு செய்கிறது? முதல் தடயம் உருவ அளவு. ஒரு குறிப்பிட்ட பருமனை எட்டாத உயிரணு மொட்டு விடுவதில்லை. பிரிதலில் தாயும் சேயும் சம அளவில் இருப்பதில்லை, சேய் சிறியது. ஹார்ட்வெல்லும் உங்கர் என்ற ஆய்வாளரும் 1977-இலேயே இதை அளந்து காட்டினார்கள். வளர்ச்சி எவ்வளவு மெதுவாகிறதோ அவ்வளவுக்குச் சேய் சிறியதாகப் பிறக்கிறது. ஏனென்றால் மொட்டு வளரக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ அதேதான். வளரும் வேகமோ குறைவு. தாய் விரைவில் அடுத்த மொட்டை விட, சிறிய சேய் நீண்ட நேரம் ஜி1-இல் வளர்ந்தாக வேண்டும். உணவு குறைந்த காலத்தில் எட்ட வேண்டிய பருமனும் ஓரளவு குறைந்துவிடுகிறது. மெதுவாக வளரும் ஈஸ்ட் உருவத்திலும் சிறியதாக இருப்பது இதனால்தான்.

இரண்டாவது தடயம் புரதங்கள். தொடக்கப்புள்ளியை மூடி வைத்திருக்கும் வி5 என்ற தடுப்புப் புரதத்தின் வேலை 2004-இல் வெளிவந்தது. அதை விலக்கி வாசலைத் திறக்க உதவுவது சி.எல்.என்.3 என்ற சைக்ளின் புரதம். சத்துக் குறைந்தால் சி.எல்.என்.3 உற்பத்தியும் குறைகிறது. வாசல் திறக்கத் தாமதமாகிறது. உயிரணு பெரிதாகப் பெரிதாக வி5-இன் செறிவு நீர்த்துப்போகிறது என்று 2015-இல் ஒரு குழு 'நேச்சர்' இதழில் எழுதியது. ஒரே கரண்டி ரோஸ் சிரப்பைப் பெரிய குவளையில் கலக்கினால் நிறம் வெளிறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவே முழுக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஐம்பது ஆண்டு ஆராய்ந்தும் முடிவுக்கு வராத ஒரு கேள்வி, ரொட்டி மாவுக்குள் இருக்கிறது.

நீங்களே எண்ணிப் பார்க்கலாம்

இதைச் சோதிக்கப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் தேவையில்லை. பள்ளி நுண்ணோக்கி, கடையில் விற்கும் உலர்ந்த ஈஸ்ட் பொட்டலம் ஒன்று, இளநீர் ஆகியவை போதும். ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

இளநீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு இரண்டு பாட்டில்கள் தயார் செய்யுங்கள். ஒன்றில் இளநீர் மட்டும். மற்றொன்றில் ஒரு பங்கு இளநீருக்குப் பத்தொன்பது பங்கு கொதித்து ஆறிய நீர். இரண்டிலும் சம அளவில் மிகச் சிறிதளவு ஈஸ்ட் போட்டு, ஒரே இடத்தில் வையுங்கள். குளிர் எல்லா வேதிவினைகளையும் தாமதப்படுத்தும் என்பதால் வெப்பநிலை இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மாறி. தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். உள்ளே உண்டாகும் வாயு பாட்டிலை வெடிக்கச் செய்யலாம். இந்த நீரைக் குடிக்கவும் கூடாது.

தொடக்கத்தில் ஒரு முறை, பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறை, மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒவ்வொரு முறை, பாட்டிலை நன்கு குலுக்கி ஒரு சொட்டு எடுங்கள். 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் சேர்த்தால் செத்த உயிரணுக்கள் நீலமாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம். மீதியில் 200 உயிரணுக்களை எண்ணி, எத்தனைக்கு மொட்டு இருக்கிறது என்று குறியுங்கள். தாயோடு ஒட்டியிருக்கும் மொட்டைத் தனியாக எண்ணாமல், இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ணுங்கள்.

என் வகுப்பில் இதைச் செய்தபோது மாணவர்களை வியக்க வைத்தது தொடக்கநிலைதான். பொட்டலத்திலிருந்து எடுத்த ஈஸ்டில் மொட்டு தேடித் தேடித்தான் கிடைத்தது. சில மணி நேரம் கழித்து இளநீர்ப் பாட்டிலில் எங்கு பார்த்தாலும் மொட்டு. உணவு தீர்ந்த பிறகு மீண்டும் மொட்டில்லாத உருண்டைகள்.

எண்ணிக்கையிலிருந்து நேரத்தைக் கணக்கிடுவது எப்படி? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 90 நிமிடத்தில் இரட்டிப்பாகும் ஈஸ்டில் நூற்றுக்கு 80 உயிரணுக்களில் மொட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 90-இல் 80 விழுக்காடு 72 நிமிடம். அது மொட்டோடு இருக்கும் நேரம். மொட்டில்லாத நேரம் 18 நிமிடம். இன்னொரு தொட்டியில் ஈஸ்ட் 6 மணி நேரத்தில், அதாவது 360 நிமிடத்தில் இரட்டிப்பாகிறது. நூற்றுக்கு 20-இல் மட்டும் மொட்டு. 360-இல் 20 விழுக்காடும் 72 நிமிடம்தான்! மொட்டில்லாத நேரமோ 288 நிமிடம். முன்னதைப் போல் 16 மடங்கு.

பெருகிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் இளம் உயிரணுக்கள் எப்போதும் அதிகம் இருக்கும் என்பதால் இது தோராயக் கணக்கு. துல்லியமாக வேண்டுமென்றால், மொட்டு விகிதத்தோடு 1-ஐக் கூட்டி, அதற்கு அடிமானம் 2-இல் மடக்கை எடுத்து, இரட்டிப்பு நேரத்தால் பெருக்க வேண்டும். அப்போது முதல் தொட்டிக்கு ஏறத்தாழ 76 நிமிடமும் இரண்டாவதற்கு 95 நிமிடமும் வரும். மொட்டோடு இருக்கும் நேரம் கொஞ்சம் நீண்டிருக்கிறது; இரட்டிப்பு நேரமோ நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. மடக்கையை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

தொழிற்சாலைக்கும் இது தெரியும்

பொட்டலத்து ஈஸ்டில் மொட்டு ஏன் அரிதாக இருந்தது? அது தற்செயல் இல்லை. ரொட்டி ஈஸ்ட் தயாரிக்கும் ஆலைகளில் கரும்புப் பாகுக் கழிவான மொலாசசைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டித்தான் ஈஸ்டை வளர்க்கிறார்கள். ஒரேயடியாகக் கொட்டினால், காற்று இருந்தாலும் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்றி வீணடிக்கும். அறுவடைக்கு முந்திய கடைசிக் கட்டத்தில் ஊட்டத்தை மேலும் குறைத்துவிடுவார்கள். மொட்டு விட்டவை பிரிதலை முடித்துக்கொள்ளும். புதிதாக மொட்டு விடத் தொடங்காது. மொட்டோடு இருக்கும் ஈஸ்ட் உலர்த்துவதையும் நீண்ட நாள் கிடப்பதையும் அவ்வளவாகத் தாங்காது. சந்திப்பில் நிற்கும் ஈஸ்ட்தான் மாதக்கணக்கில் கடை அலமாரியில் காத்திருந்து, வெதுவெதுப்பான நீரும் மாவும் பட்டதும் விழித்துக்கொள்ளும்.

காத்திருக்கத் தெரியாவிட்டால்?

2008-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் போட்ஸ்டைன் குழுவினர் ஒரு பெரிய சோதனையை வெளியிட்டார்கள். ஆறு வகைச் சத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு வேகங்கள் என்று 36 கெமோஸ்டாட் வளர்ப்புகள். ஈஸ்டின் மரபணுக்களில் கால் பங்குக்கு மேற்பட்டவை வளர்ச்சி வேகத்தையொட்டியே கூடவோ குறையவோ செயல்பட்டன. எந்தச் சத்து குறைந்தது என்பதை விட, எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதே மொட்டில்லாத உயிரணுக்களின் விகிதத்தையும் தீர்மானித்தது.

அதே குழுவின் இன்னொரு ஆய்வு மேலும் கவனிக்கத்தக்கது. பாஸ்பேட் போன்ற இயற்கைச் சத்து தீர்ந்தால், ஈஸ்ட் ஒழுங்காக நின்று, குளுக்கோசையும் மிச்சம் பிடித்து, நெடுநாள் உயிரோடு இருந்தது. ஆனால் லூசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாதபடி ஆய்வுக்கூடத்தில் மரபணு பழுதாக்கப்பட்ட ஈஸ்டுக்கு லூசின் தீர்ந்தபோது, அது சரியாக நிற்கவில்லை. குளுக்கோசைக் கட்டுப்பாடின்றிச் செலவழித்து விரைவில் செத்தது. பாஸ்பேட் பஞ்சத்தைப் பரிணாமக் காலம் முழுவதும் பார்த்துப் பழகிய ஈஸ்டுக்கு அதை உணரும் வழி இருக்கிறது. மனிதன் உண்டாக்கிய பஞ்சத்தை அதனால் உணர முடியவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததே அதன் உயிருக்கு வினையானது.

நிற்காத உயிரணு என்றதும் நம் நினைவுக்கு வருவது புற்றுநோய். வி5 செய்யும் காவல் வேலையை மனித உயிரணுவில் ஆர்.பி. என்ற புரதம் செய்கிறது. குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில் பழுதாவது இந்தப் புரதத்தின் மரபணுதான். அதனாலேயே அந்தப் பெயர். வேறு பல புற்றுநோய்களில் ஆர்.பி. நல்ல நிலையில் இருக்கும். ஆனால் அதை விலக்கும் சி.டி.கே.4, சி.டி.கே.6 என்ற நொதிகள் அளவுக்கு மீறி வேலை செய்யும். ஈஸ்டின் சி.டி.சி.28-க்கு உறவுக்கார நொதிகள் இவை.

என் சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோதுதான் இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அவருக்கு எழுதித் தந்த மாத்திரையின் பெயர் பால்போசிக்லிப். மேற்சொன்ன இரு நொதிகளையும் தடுக்கும் மருந்து. 2015-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்புதல் பெற்றது. மூன்று வாரம் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் நிறுத்த வேண்டும். இடையிடையே இரத்தப் பரிசோதனை. சின்னம்மாவுக்கு அந்த ஒரு வாரம் பயமாக இருந்தது. "ஏன்ப்பா தம்பி, நோவு இருக்கும்போது மருந்தை நிறுத்தச் சொல்றாங்களே, விலை அதிகம்னு மிச்சம் புடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

நான் ஈஸ்டிலிருந்து தொடங்கினேன். "இந்த மாத்திரை நேரடியா கொல்ற மருந்து இல்ல சின்னம்மா. பெருகப் போற செல்லைச் சந்திப்புலயே நிறுத்தி வைக்கிற மருந்து. ஆனா எலும்பு மஜ்ஜையில வெள்ளை அணு செய்ற நல்ல செல்லையும் சேர்த்து நிறுத்திடுது. அந்த ஒரு வாரம் அதுங்களுக்கு வழி விடுறதுக்கு. வெள்ளை அணு மறுபடி ஏறுச்சான்னு பாக்கத்தான் இரத்தம் எடுக்கிறாங்க." அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த வாரம் சும்மா இருக்கிற வாரம் இல்லன்னு சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் நாட்காட்டியில் அந்த வாரத்தைத் தானே குறித்து வைத்துக்கொண்டார். பரிசோதனைக்கு ஒரு நாளும் தவறவில்லை.

வகுப்பறையிலிருந்து அடுத்த படி

இத்தகைய ஆய்வில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பாதை தொலைவில் இல்லை. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசனில் உயிரியலும் வேதியியலும் எடுங்கள், கணிதத்தை ஒதுக்காதீர்கள். உயிர்த்தொழில்நுட்பம் படிக்கப் பேராக்கிலேயே, கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஈஸ்டின் 16 குரோமோசோம்களிலும் உள்ள ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் 1996-இலேயே படித்து முடிக்கப்பட்டுவிட்டன. அந்தத் தகவல் இணையத்தில் யாருக்கும் இலவசம். ஏறத்தாழ 6,000 மரபணுக்களில் எதை வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இன்று மாலையே சி.டி.சி.28-இலிருந்து தொடங்கலாம்.

அடுத்த முறை பாடநூலில் அந்த வட்டத்தைப் பார்க்கும்போது, பென்சிலால் இன்னொரு வட்டம் வரையுங்கள். முதல் வட்டம் நன்றாக உணவு கிடைக்கும் ஈஸ்டுக்கு. இரண்டாவது, உணவு குறைந்த ஈஸ்டுக்கு. இரண்டாவதில் எந்தத் துண்டைப் பெரிதாக வரைய வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு சிறு குறுக்குக்கோடு போட்டுத் தொடக்கப்புள்ளியையும் குறியுங்கள். பிறகு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்: நம் உடம்பில் எந்தெந்த உயிரணுக்கள் இப்போது அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கின்றன?